பலேர்மோவில் ஆள் அளந்து துவக்குக் கொடுத்த கதை

வேட்டைத் துவக்கு விற்கிற தொழிலில் துவக்கை அளக்கிறது சின்ன வேலை, வாங்க வந்தவனை அளக்கிறதுதான் பெரிய வேலை. ஏனென்றால் எந்த ஆம்பிளையும் தன் கை கட்டை என்று ஒத்துக்கொள்ளமாட்டான்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேர் ஏதோ ஒரு சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைத்துவிட்டு வந்து இப்போதுதான் காலை நீட்டியிருப்பீர்கள். சிலபேர் என்னைப்போல இரவில் முழித்திருந்து, பகலில் யன்னலைச் சாத்திப் படுக்கிற ஆட்கள். எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான்: ஏதோ ஒரு கடதாசிக்காகக் காத்திருக்கிற வருத்தம். ஆகவே உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் தரிப்பிடத்தில் எனக்கு இரவுக் காவல். பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கியிருக்கிற அனுமதி, இருந்தது, ஆனால் காவல் வேலைக்கு எழுத்தில் ஒரு வரியும் இல்லை. மனைவி பத்மாவும் மகள் துஷியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடவேண்டுமென்றால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் ஒரு கொந்திராத்தோ காட்டவேண்டும். முறையான வேலை, முதலாளியின் கையெழுத்து. அந்த ஒரு கையெழுத்துக்காக நாலு வருசம் அலைந்தேன். ஓரிடத்தில் இருக்கமாட்டாத சுபாவம் வேறு எனக்கு. சும்மா இருந்தால் மனம் லொட்ஜ் அறைக்குப் போய்விடும். அதனால் பின்னேரம் நாலிலிருந்து எட்டு மட்டும் கபோ சந்தைக்கு அருகே கார்மேலோ என்பவரின் கடையில் கூட்டித் துடைக்கிற வேலையையும் எடுத்தேன்.

இரண்டு ஷட்டர் வைத்த கடை அது. வலதுபக்கம் கார்மேலோவின் வேட்டைத் துவக்குகள். இடதுபக்கம் அவருடைய மனைவி சிஞ்ஞோரா நினாவின் தூண்டில், வலை, ஈயக்குண்டு. நடுவில் கதவில்லாத ஒரு வழி. யோகநாதன் என்ற என் பெயரை கார்மேலோ முதல்நாளே 'ஜொவான்னி' ஆக்கிவிட்டார். அவர்கள் சிசிலியனில் சொன்னதை இங்கே எங்கடை பேச்சிலேயே தருகிறேன். இல்லாவிட்டால் அரைவாசி ருசி போய்விடும்.

கார் தரிப்பிடத்தில் எனக்கு வாசிக்கக் கிடைத்தவை கார்மேலோ எறிந்த பழைய துவக்குக் கட்டலோக்குகளும் ஒரு அகராதியும்தான். என் இத்தாலியன் படிப்பு அதிலேதான் நடந்தது. கடையில் பாண் கேட்கத் தெரியமுன்னமே, பிடங்கின் சரிவுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியும்.

பிடங்கு

எங்கள் ஆட்களுக்குத் துவக்கின் பின்பக்கத்து மரக்கட்டை, அந்தப் பிடங்கு, எதற்காக இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: அடிக்க. அடி என்ற சொல் பக்கத்தில் இல்லாமல் பிடங்கு என்ற சொல்லை நான் கேட்டதேயில்லை. முதல்நாள் கார்மேலோ ஒரு துணியையும் எண்ணெய்ப் போத்தலையும் தந்து, "அந்த வரிசை முழுக்கத் துடை" என்றார். வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். துணி கையில். கை போகவில்லை. பத்து நிமிசமாக ஒரு துவக்கும் மாட்டியிராத சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கார்மேலோ பார்த்துவிட்டார். ஒரு அரைத் தானியங்கித் துவக்கை எடுத்து, பக்கத்து மூடியை இழுத்துத் திறந்து, என் சுண்டுவிரலைப் பிடித்துத் தோட்டா இருக்கிற குழிக்குள் விட்டார். குளிர்ந்த வெறும் இரும்பு. பிறகு துவக்கை என் இரண்டு கைகளிலும் குழந்தையைத் தருவதுபோல வைத்தார். வால்நட் மரம், நல்ல வழுவழுப்பு. எனக்குக் கண் கலங்கியது. அவர் எண்ணெய் மணம் என்று நினைத்திருக்கலாம்.

"வெறும் துவக்கு ஒரு கதவுப் பலகை மாதிரி, ஜொவான்னி. ஆனா ஒவ்வொருமுறையும் விரலை விட்டுப் பாத்த பிறகுதான் அப்பிடிச் சொல்லலாம்."

யூலை மாதத்து யாக்கெட்

கபோவில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். கழுத்தும் தோளும் ஒன்றாகவே இருக்கும். போன யூலையில் வாங்கிய துவக்கைத் தூக்கிக்கொண்டு இந்த யூலையில் வந்தார். குளிர்காலம் முழுக்க ஒரு முயல்கூட விழவில்லையாம். "உன்ர துவக்குக் குருடு, கார்மேலோ!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். பிடங்கின் அடிப்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையில் போய் முட்டுகிறதா என்று காட்டினார். சரியாகத்தான் முட்டியது. எல்லாரும் பார்க்கிற பழைய அளவு அதுதான். கார்மேலோவும் அதோடு நிறுத்திக்கொள்கிறவர்.

விளக்குமாற்றோடு நின்ற நான் வாயைத் திறந்துவிட்டேன். "எந்த மாதம் வாங்கினனீங்கள்?" யூலை. "எந்த மாதம் சுட்டனீங்கள்?" டிசெம்பர். உள்ளே போய், ஆணியில் தொங்கிய கார்மேலோவின் பஞ்சு வைத்த வேட்டை யாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். வெளியே வெயில் தார் றோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. மனிதர் திட்டித்திட்டிப் போட்டார். "கண்ணை மூடுங்கோ. துவக்கைத் தோளிலை வையுங்கோ. இப்ப கண்ணைத் திறவுங்கோ." தோளுக்குப் போகிற வழியில் பிடங்கின் அடிப்பக்கம் யாக்கெட்டின் கமக்கட்டில் கொழுவிக்கொண்டு நின்றது. வெறும் சட்டையில் அளந்த பிடங்கு, யாக்கெட்டுக்கு ஒரு விரல் அகலம் நீண்டுவிட்டது. அந்த ஒரு விரல் அளவு மரத்தைக் கார்மேலோ வெட்டி, பிடங்கின் அடியில் இருந்த றப்பரை மறுபடி பூட்டினார். மனிதர் மூன்றுதரம் கண்ணை மூடித் தூக்கினார், மூன்றுதரமும் குழலின் நுனிப் புள்ளி அவருடைய கண்ணுக்கு நேரே நின்றது. நெற்றியிலிருந்து தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது. 

அன்றிரவு கடை பூட்டும்போது கார்மேலோ சொன்னார்: இந்த முறை நீ அள. செப்டெம்பரில் வேட்டைக்காலம் திறந்து முதல் கிழமையில் ஒருத்தனும் துவக்கைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால், உனக்குக் கொந்திராத்தோ. எனக்கு இரண்டரை மாதம் இருந்தது. அடுத்தநாள் தொடக்கம் யாக்கெட் போடாதவனுக்குத் துவக்கு இல்லை என்று சட்டம் வைத்தேன். இறைச்சிக்காரர் சந்தை முழுக்க என்னைப் பற்றி ஒரே வசனம்தான் சொல்லித் திரிந்தாராம்.

"நான் வாழ்நாள் முழுக்க இறைச்சியை வெட்டித்தான் வித்தனான், கார்மேலோ கடைக்குப் போய்ப் பாருங்கோ, அவிச்சு எடுக்கிறாங்கள்."

பாரம் குறைந்தது

ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவர், மெலிந்த ஆள், வலது தோள் தேய்ந்தது. கடையில் இருந்ததிலேயே பாரம் குறைந்த அரைத் தானியங்கியைத் தூக்கி, "ஆகா, இறகு!" என்று கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். கடைக்குள் இரண்டு நிமிசம் தூக்குகிறவனுக்கு இலேசானது சொர்க்கம்தான். ஆனால் அதே தோட்டா, பாரம் குறைந்த துவக்கில் கூடுதலாக உதைக்கும். அந்தத் தோளுக்குப் பாரமான துவக்குத்தான் மருந்து. அதிலும் வெடிவாயுவில் கொஞ்சத்தை எடுத்துத் தன்னையே இயக்குகிற இனம், உதையைச் சாப்பிட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் கரி துடைக்கவேண்டும். இதை அவருக்குச் சொல்ல எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது, இலக்கணத்தில் எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. பாரமானதைத் தூக்கினார், முகத்தைச் சுளித்தார், கீழே வைத்தார், திரும்பவும் தூக்கினார். கடைசியில் அதையே கட்டச் சொன்னார்.

"கசந்தாலும் குடியுங்கோ எண்டு முப்பது வருசம் ஊருக்குச் சொன்னனான், இண்டைக்கு எனக்கும் ஒருத்தன் சொல்லிப்போட்டான்."

மருமகனின் கை

ஓகஸ்ட் நடுவில் ஒரு குடும்பமே கடைக்குள் வந்தது. மாமனார், அவருடைய மூன்று மகன்மார், நடுவில் மெல்லிசாக மருமகனாக வரப்போகிற பெடியன். கலியாணத்துக்கு முன் மாமனார் துவக்கு வாங்கிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கமாம். லைசென்ஸ் பெடியனின் பெயரில் ஏற்கெனவே எடுத்தாயிற்று. துவக்கைத் தெரிந்தெடுத்தது மாமனார். தோளில் வைத்துப் பார்த்தது மைத்துனர்மார், ஆளுக்கொருதரம். பெடியனிடம் ஒருதரமும் கொடுபடவில்லை. நான் கேட்டு வாங்கி அவன் கையில் கொடுத்தேன். வலது தோளில் வைத்தான். வைத்த விதத்தைப் பார்த்தால், ஆரோ ஒருவனுடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறவன் மாதிரி இருந்தது.

எதிர்க் கடையில் கோப்பி எடுப்பித்து ஐந்து பேருக்கும் கொடுத்தேன். பெடியன் இடதுகையால் சீனி போட்டான், இடதுகையால் கலக்கினான். பரிசு தருகிற மாமனுக்கு முன்னால் "இது எனக்குச் சரிவராது" என்று எந்த மருமகன் வாய் திறப்பான்? எங்கள் பக்கத்திலும் திறக்கமாட்டான். அரைத் தானியங்கி, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதை வலதுபக்கத்தால் துப்பும். இடதுகைக்காரன் இடது தோளில் வைத்துச் சுட்டால் சூடான கோது அவனுடைய மூக்குக்கு முன்னால் பறக்கும். நான் மாமனாரைப் பார்த்து, "இதிலை இடதுகைக்காரருக்கெண்டு, மற்றப்பக்கத்தால் துப்புற ஒண்டு இருக்கு, பதினைஞ்சு நாளிலை எடுக்கலாம்" என்றேன். எல்லாரும் பெடியனின் கரண்டியைப் பார்த்தார்கள். அவன் சிவந்துபோனான். மாமனார் அவனுடைய பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார், அன்பாகத்தான்.

"ஒண்டரை வருசமா என்ர வீட்டிலை சாப்பிடுறான், ஒரு உண்மை சொன்னதில்லை, இந்தத் துர்க்கோ ஒரு கோப்பியிலை கறந்திட்டான்!"

(துர்க்கோ என்றால் துருக்கிக்காரன். கறுப்பாய் வந்தவன் எவனும் பலேர்மோவில் துருக்கிக்காரன்தான். நான் கோபிக்கவில்லை. அவர் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.)

சிஞ்ஞோராவின் இடது கண்

சிஞ்ஞோரா நினா ஞாயிற்றுக்கிழமைகளில் புருசனோடு மண்தட்டுச் சுடப் போவார். வானத்தில் எறிகிற தட்டைச் சுடுகிற விளையாட்டு. இருபது வருசமாகப் போகிறார், இருபது வருசமாகத் தவறவிடுகிறார். திங்கட்கிழமை கார்மேலோ அதை வாடிக்கையாளருக்கு நடித்துக் காட்டுவார். சிஞ்ஞோரா வழிக்கு அந்தப்பக்கம் தூண்டில் எண்ணிக்கொண்டு, கேட்காத மாதிரி இருப்பார். அவருடைய துவக்கு கார்மேலோவின் பழையது. ஆறடி மனிதனின் துவக்கை ஐந்தடி மனுசிக்குக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் கார்மேலோ வெளியே போனபின் நான் கேட்டேன்: "சிஞ்ஞோரா, ரெண்டு கையையும் சேர்த்து நடுவிலை ஒரு சின்ன ஓட்டை வையுங்கோ. ரெண்டு கண்ணும் திறந்தபடி, அதுக்குள்ளாலை அந்த மணிக்கூட்டைப் பாருங்கோ. இப்ப இடது கண்ணை மூடுங்கோ." மணிக்கூடு மறைந்துவிட்டது. வலதுகையால் சுடுகிற மனுசிக்கு இலக்குப் பிடிக்கிற கண் இடது. இருபது வருசமாக ஒரு கண் சொன்ன இடத்துக்குத் துவக்கு போகவில்லை! இருபதாம் இலக்கக் குழல் வைத்த ஒரு சின்ன அரைத் தானியங்கியை எடுத்தோம். பிடங்கைக் குறுக்கினோம். பிடங்கு துவக்கின் உடம்போடு சேருகிற இடத்தில் மெல்லிய தகடு ஒன்றை மாற்றி வைத்தால் அது கொஞ்சம் உயரும், கொஞ்சம் பக்கத்துக்குச் சரியும். பெட்டியோடு வருகிற தகடுகள், ஒருத்தரும் திறந்தும் பார்ப்பதில்லை. மூன்றாவது தகட்டில் அவருடைய கன்னம் போய்ச் சரியாக இருந்தது. அவர் சுடும்போது போடுகிற மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில் ஒரு துண்டு மங்கல் ரேப் ஒட்டினேன், வலது கண் வேலை செய்யட்டும் என்று. கார்மேலோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த திங்கள் கார்மேலோ கடைக்கு வந்து, ஒருவருக்கும் ஒன்றும் நடித்துக் காட்டாமல், ஏற்கெனவே துடைத்த குழலைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா வழியால் தலையை நீட்டினார்.

"இருபது வருசமா என்ர கை பிழை எண்டு சொன்ன மனுசன், நேற்று அவருக்குப் பிழைச்ச உடனை வெயில் பிழை எண்டு சொல்லுறார், ஜொவான்னி."

பல்லரோவில் பரவிய கதை

எங்கள் ஆட்களில் ஒருவன் பேப்பர் வாங்கினால், இன்னொருவன் அவனுக்கு வழக்கு இருக்கிறது என்பான். நான் துவக்கைத் தோளில் வைத்து ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்ததை, கண்ணாடிக்கு வெளியேயிருந்து அருளப்பு பார்த்துவிட்டான். மன்னார்ப் பெடியன், நான் இருந்த வீட்டில் பக்கத்து அறை, ஞாயிறு பூசை தவறாதவன். அவன் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னான். ஆனால் பல்லரோச் சந்தையில் எங்கள் ஆள் ஒருவரின் கடையில் சொன்னான். காலையில் "யோகண்ணை துவக்கோடை நிக்கிறார்", மத்தியானம் "யோகண்ணை துவக்கு வாங்குறார்", பின்னேரம் மீன் வெட்டுகிற இடத்தில் "இயக்கத்துக்குக் கப்பலிலை போகுதாம்." இந்தப் பகிடியை அந்தக் காலத்தில் ஒருத்தரும் பகிடியாகச் சொல்லவில்லை. இரண்டு குடும்பம் என்னைக் கண்டு றோட்டைக் கடந்து மற்றப்பக்கம் போனது.

கடைசியில் அருளப்புவே பயந்து, கடை வாசலுக்கு வந்து நின்றான்.

"யோகண்ணை, மாதாவாணை உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை அனுப்பினியள்?"

"எதையடா?"

"சாமான்."

"விசரா, நான் இஞ்சை ஆளுக்கு அளவு பாக்கிறன். கை நீளம், கழுத்து, கண். சட்டை தைக்கிற மாதிரி."

அவன் உள்ளே வரிசையாக நின்ற துவக்குகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"துவக்குக்கு என்ன அண்ணை அளவு? அங்கை எங்களுக்கு நேரை பிடிச்சவங்கள் ஒருத்தரும் அளவு பாத்துப் பிடிக்கேல்லையே."

இரண்டு துவக்குப் படம்

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு வேட்டை திறந்தது. திங்கட்கிழமை மூன்றரை மணிக்கே போய் வாசலில் நின்றேன். ஒருவன் துவக்குப் பையோடு வந்தாலே என் கொந்திராத்தோவைத் திருப்பிக் கொண்டுவருகிறான் என்று நினைத்தேன். ஒருவன் தோட்டா வாங்க வந்தான். ஒருவன் எண்ணெய் வாங்க வந்தான். இறைச்சிக்காரர் ஒரு முயலைக் காதில் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வரை ஒரு துவக்கும் திரும்பவில்லை. கார்மேலோ சொன்ன சொல் மாறாத மனிதர். கொந்திராத்தோவோடு குவெஸ்தூராவுக்கும் தூதரகத்துக்கும் ஒரு கடிதம், இரண்டையும் தன் அப்பன் காலத்துக் கடதாசியில் அடித்துத் தந்தார். தூதரகத்தில் காட்ட அவை பத்மாவின் கைக்குப் போகவேண்டும். தலைப்பில் இரண்டு துவக்கு, குறுக்கும் மறுக்குமாக. கீழே கொட்டை எழுத்தில், ஆயுதங்களும் தோட்டாக்களும்.

ஞாயிறு தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். கொழும்பில் லொட்ஜின் நடைபாதையில் தொலைபேசி. பத்மா எப்போதும் மெல்லக் கதைப்பாள்.

"பத்மா, கிடைச்சிட்டுது! வாசிக்கிறன் கேளும்."

முழுவதும் வாசித்தேன்.

"கடையின்ர பேர் மேலை போட்டிருக்கோ?"

"ஓம். படமும் இருக்கு. ரெண்டு துவக்கு, வடிவா வரைஞ்சிருக்கு."

கொழும்பில் அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பொலிஸ் சோதனைக்குப் பயந்து அடையாள அட்டையைக் கழுத்தில் கட்டாத குறையாகத் திரிந்தார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு வருசமாகத் தேடிய கையெழுத்தைக் கண்ட சந்தோசத்தில், அதற்கு மேலே இருந்த படம் என் கண்ணில் படவில்லை.

"இஞ்சருங்கோ, முந்தநாளும் வந்து அறையைச் சோதிச்சவங்கள். துஷியின்ர பள்ளிக்கூடக் கொப்பி வரைக்கும் ஒவ்வொரு ஒற்றையாப் பிரிச்சவங்கள். நீங்கள் சொல்லுற அந்தப் படத்தை நான் எந்தப் பெட்டிக்குள்ளை வைக்கிறது?"

மீன் படம்

மறுநாள் பகல் முழுக்கப் படுத்தேன், நித்திரை வரவில்லை. பின்னேரம் போய்க் கடிதத்தைக் கார்மேலோவின் மேசையில் வைத்து விசயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது. "என்ர அப்பன்ர படம்! உங்கடை நாட்டிலை ஒருத்தரும் முயல் சுடுறேல்லையா?" என்றார். "முயலோடை நிப்பாட்டியிருந்தா நான் இஞ்சை வந்திருக்கமாட்டன்" என்றேன். பிறகு மேசை லாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, அப்பன்ர படத்தைத் தானே வெட்டி எடுத்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆயுதம் என்ற சொல் கடிதத்துக்குள் நாலு இடத்தில் இருந்தது. கத்தரிக்கோலால் எவ்வளவைத்தான் வெட்டுவது?

வழிக்கு அந்தப்பக்கத்திலிருந்து சிஞ்ஞோரா நினா வந்தார். கையில் அவருடைய கடையின் கடதாசி, மேலே ஒரு சூரை மீன். "என்ர ஷட்டருக்கு லைசென்ஸ் வேறை, வரி இலக்கம் வேறை. நான் எழுதுறன்" என்றார். கார்மேலோ, "அவன் என்ர ஆள்" என்றார். "எண்டால் மூண்டு மாதமா ஏன் எழுதாமல் இருந்தனீ?" என்று கேட்டுவிட்டு சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். பொய்க் கடிதம் எழுதமாட்டார். எழுதினால் எழுதினபடி வேலை. வருகிற திங்கள் தொடக்கம் காலை ஒன்பதிலிருந்து தூண்டில், வலை, புழுப்பெட்டி. கார் தரிப்பிடத்தை விடவேண்டும். துவக்குப் பக்கம் இனி என் வேலை இல்லை. எனக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே வித்தை அந்தப்பக்கத்தில் நின்றது. நாலு வருசத்துக் கையெழுத்து இந்தப்பக்கத்தில். நான் தலையாட்ட ஒரு செக்கன்கூட எடுக்கவில்லை. ஆனால் சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனையை மூடினார்.

"கார்மேலோவின்ர ஆக்களை அளக்கவேணுமெண்டால் என்னட்டை லீவு கேட்டிட்டுப் போ. கேட்டால் தருவன், கேளாமல் போனால் ரெண்டு பேருக்கும் ஏச்சு விழும்."

நாபோலிக் கப்பல்

குவெஸ்தூரா வரிசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. எட்டு மாதம். பிறகு ஒருநாள் காலை, நாபோலியிலிருந்து வந்த கப்பலிலிருந்து பத்மாவும் துஷியும் இறங்கினார்கள். மகள் என் இடுப்புக்கு இருந்தவள், நெஞ்சுக்கு வந்திருந்தாள். என்னை 'நீங்கள்' போட்டுக் கதைத்தாள், விருந்தாளியோடு கதைக்கிற மாதிரி. பரவாயில்லை என்று நினைத்தேன், இனிக் காலம் இருக்கிறது.

மூன்றாம்நாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்மா துவக்குப் பக்கத்து ஷட்டரால் வரமாட்டேன் என்றாள். சிஞ்ஞோராவின் பக்கத்தால் வந்தாள். சிஞ்ஞோரா கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சியபோது மரம் மாதிரி நின்றாள். கார்மேலோ வெறுங்கையோடு, புதுச் சேட்டோடு, வழியில் நின்று தலைகுனிந்து வணக்கம் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு இளம் வாத்தியார், முதல் துவக்கு வாங்க வந்தவர், அந்தப்பக்கம் வந்துவிட்டார். கார்மேலோ என்னைப் பார்த்தார். நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். கால் மணித்தியாலம் தந்தார்.

போய் அளந்தேன். கை, கழுத்து, கன்னம், கண். கண்ணை மூடச் சொன்னேன், திறக்கச் சொன்னேன், தகடு மாற்றினேன், திரும்ப மூடச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது பத்மா நடுவழியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழும்பி வந்தாளோ தெரியாது. வாத்தியாரின் தோளில் துவக்கு இருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை; என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லுறா உன்ர மனுசி?" என்று சிஞ்ஞோரா கேட்டார். பத்மா முதல்தரம் சிரித்தாள். சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டினாள்.

"கண்டறியாத ஆம்பிளையளை ஒரு நூல் பிசகாமல் அளக்கிறியள், பொங்கலுக்கு எனக்கு அனுப்பின சப்பாத்து ரெண்டு சைஸ் பெரிசு, பஞ்சு அடைச்சுத்தான் இஞ்சை மட்டும் நடந்து வந்தனான்."

ஒன்றுமில்லை, பக்கத்தில் நிற்கிற ஆளை அளக்க ஒரு நாடா போதும், நாலு வருசம் காணாத ஆளை நினைப்பை வைத்து அளந்தால் எவனுக்கும் ரெண்டு சைஸ் கூடத்தான் வரும்.